தோற்றம் மேம்பட எந்தப் பளுப் பயிற்சித் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஜிம்மில் சேரும் புதியவர்கள் பலரின் கையில் முதல் வாரமே ஆறு நாள் அட்டவணை ஒன்று வந்துவிடுகிறது. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று ஒவ்வொரு தசைக்கும் ஒரு நாள் ஒதுக்கும் அந்த முறை பல ஆண்டுகள் பயின்றவர்களுக்குப் பொருந்தலாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சியால் தூண்டப்பட்ட தசையில் புரத உருவாக்கம் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு நாள்களே உயர்ந்து நிற்கும் என்பதால், வாரத்துக்கு ஒரே முறை பயிற்சி பெறும் தசை மீதி நாள்களில் வளர்வதற்கான தூண்டல் இன்றிக் கிடக்கிறது. அதோடு, கால் பயிற்சிக்குரிய நாளில் வேலை குறுக்கிட்டால் அந்த வாரம் கால்களுக்குப் பயிற்சியே இல்லாமல் போகிறது.

முதற்படி: நாள்களை முடிவு செய்தல்

எத்தனை நாள் போக ஆசை என்று பார்க்காமல், எத்தனை நாள் தவறாமல் போக முடியும் என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு விடை மூன்றாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் முழு உடலுக்கும் பயிற்சி தருவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் விடுபடாது. இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், முதுகுத்தண்டுச் சிக்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: தோற்றத்தை மாற்றும் பயிற்சிகளைத் தேர்தல்

கண்ணாடியில் தெரியும் மார்பிலும் கையிலுமே பலரின் கவனம் நிற்கிறது. ஆனால் சட்டை போட்டிருக்கும்போதுகூட ஒருவரின் உருவ அமைப்பை மாற்றிக் காட்டுபவை தோளின் பக்கவாட்டுத் தசையும், அக்குளிலிருந்து இடுப்பு நோக்கி இறங்கும் முதுகுத் தசையும்தான். அவை அகன்றால், இடுப்பளவு குறையாமலேயே இடுப்பு ஒடுங்கியதாகத் தெரியும். வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க நூறு முறை கிரஞ்சஸ் செய்வதால் பயனில்லை, ஏனெனில் உடற்பயிற்சியால் ஓரிடக் கொழுப்பை மட்டும் தேர்ந்து குறைக்க முடியாது.

ஆகவே இரண்டு அட்டவணைகள் போதும். முதலாவதில் ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழுதல்), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துப் பளுவை மேலே தள்ளுதல்), ரோயிங் (பளுவை வயிறு நோக்கி இழுத்தல்), டம்பெல் லேட்டரல் ரெய்ஸ் (டம்பெல் எனும் கைப்பளுக்களைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்குதல்). இரண்டாவதில் ரொமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து முன்குனிந்து பளுவோடு நிமிர்தல்), ஓவர்ஹெட் பிரஸ் (பளுவைத் தலைக்கு மேல் தள்ளுதல்), லேட் புல்டவுன் (மேலிருக்கும் கம்பியை மார்பு நோக்கி இழுத்தல்), பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கிப் பளுவைத் தூக்குதல்). திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் இவற்றை மாறி மாறிச் செய்யுங்கள்; ஒரு வாரம் முதல் அட்டவணை இரு முறை வந்தால், அடுத்த வாரம் இரண்டாவது இரு முறை வரும். பெண்களுக்கும் இதே திட்டம்தான். பளு தூக்கினால் ஆண்களைப் போல உடல் பருத்துவிடும் என்று அஞ்சிப் பலர் இலேசான டம்பெல்லோடு நின்றுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. தசை வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் மிகக் குறைவு என்பதால் அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

மூன்றாம் படி: எடையும் எண்ணிக்கையும்

ஓர் அசைவை ஒரு முறை முழுதாகச் செய்வது ஒரு ரெப்; ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். ஒவ்வொரு பயிற்சியிலும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 ரெப் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட் முடியும்போது, செய்யும் முறை கெடாமல் இன்னும் இரண்டு ரெப் செய்ய முடியும் என்று தோன்றும் எடையே சரியான எடை. இரு முனையிலும் எடைத் தட்டுகள் மாட்டும் பார்பெல்லின் கம்பி மட்டுமே பொதுவாக 20 கிலோ இருக்கும் என்பதால், முதல் வாரங்களில் தட்டுகள் சேர்க்காமல் அசைவைப் பழகுவதில் தவறே இல்லை. செட்டுகளுக்கு இடையே இரண்டு நிமிடமாவது ஓய்வெடுங்கள்.

நான்காம் படி: குறிப்பேடு

திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. 10 கிலோ டம்பெல்லில் மூன்று செட்டிலும் 8 ரெப் செய்தீர்கள் என்றால் அதை எழுதி வையுங்கள்; அடுத்த முறை ஒரு செட்டிலாவது 9 செய்ய முயலுங்கள். மூன்று செட்டிலும் 12 எட்டியதும் 12.5 கிலோவுக்கு மாறி, மறுபடியும் எட்டிலிருந்து தொடங்குங்கள். உடல் பழகிய சுமைக்குத் தசை மேலும் வளராது என்பதால், மாதக்கணக்கில் அதே எடையைத் தூக்குபவரின் தோற்றம் மாறுவதில்லை.

ஐந்தாம் படி: உணவு

உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. எனவே காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று உண்பவர்கள் பருப்பு, சுண்டல், சோயா, மீன், கோழி ஆகியவற்றில் தமக்கு ஏற்றதை ஒவ்வொரு வேளையும் சேர்த்தாக வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: அளவெடுத்தல்

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, தோளையும் இடுப்பையும் நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். கொழுப்பு குறைந்து தசை கூடும்போது எடைக்கருவியின் எண் அசையாமலே இருக்கக்கூடும். குறைந்தது மூன்று மாதம் திட்டத்தை மாற்றாதீர்கள். அதன் பிறகு, உணவும் உறக்கமும் சரியாக இருந்தும் பல வாரங்களாகக் குறிப்பேட்டில் எந்த எண்ணும் உயரவில்லை என்றால், மேலுடலுக்கு இரண்டு நாள், கீழுடலுக்கு இரண்டு நாள் என்ற நான்கு நாள் அட்டவணைக்கு மாறலாம்.