கண்ணாடியில் பேருந்து நேரம்: வந்து வந்து மறைந்ததைச் சரிசெய்தது

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலருகே, தகவல் காட்டும் முகக்கண்ணாடி ஒன்றைச் செய்து மாட்டியிருக்கிறேன்; ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் மேஜிக்மிரர் என்ற மென்பொருள் அதை ஓட்டுகிறது. காலையில் போன் வீட்டு எல்லைக்குள் இருந்தால் கீழே உள்ள நிறுத்தத்தின் பேருந்து நேரம் தெரிய வேண்டும்; கிளம்பியதும் மறைய வேண்டும். நடந்தது வேறு. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் மறைந்துவிடும், அப்புறம் தானாக வரும்.

போன் எங்கே இருக்கிறது என்று கவனிப்பது ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள். அதன் பதிவைப் பார்த்தேன். நான் வீட்டுக்குள் நிற்க, போன் 'வெளியே', 'வீட்டில்' என்று மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தது. கான்கிரீட் சுவர்களுக்குள் ஜிபிஎஸ் தடுமாறத்தான் செய்யும். வீட்டு எல்லையோ ஹோம் அசிஸ்டன்ட்டில் முதலிலேயே இருக்கும் 100 மீட்டர். 200 ஆக்கினேன், குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் இரண்டு விதி எழுதினேன். வீட்டு வைஃபையில் போன் இணைந்திருந்தால் ஜிபிஎஸ் பேச்சைக் கேட்காதே. இணைப்பு போனாலும், தொடர்ந்து 5 நிமிடம் வெளியே இருந்தால் மட்டும் மறை. அதோடு தீர்ந்தது.

இன்னொரு சின்னத் தொல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுச் சேவை தருவது மீதி நிமிடங்களை அல்ல, பேருந்து வந்துசேரும் கடிகார நேரத்தை. கழித்துப் பார்த்தால் போய்விட்ட வண்டிக்கு -1 என்று வரும். அதை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டச் சொன்னேன். சரி, அதே தரவில் உட்கார இடமிருக்கிறதா, நிற்கத்தான் முடியுமா என்ற குறிப்பும் வருகிறதே என்று அதையும் சேர்த்தேன். இப்போது என் மாமியார் உட்கார இடமுள்ள வண்டி வரும்வரை செருப்பே போடுவதில்லை.