தனியாக, மகன் வீட்டில், இல்லத்தில்: முதியோரின் ரத்த அழுத்தத்தில் நேரும் தவறுகள்

வயதானவரின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று விசாரிக்கும் நாம், அவருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார் என்று விசாரிப்பதில்லை. ஒரே மாத்திரையைச் சாப்பிடும் இருவரில், தனியாக இருப்பவர் செய்யும் தவறு வேறு. மகன் வீட்டில் இருப்பவருக்கு நேரும் தவறு வேறு.

தனியாக வசிப்பவர்கள், 'தலைசுற்றல் இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது' என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். உயர்ந்த அழுத்தத்தை உடம்பு பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது என்பதால், கேட்க ஆளில்லாத வீட்டில் அந்த இடைவெளி வாரக்கணக்கில் நீண்டுவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் வாங்கி வைத்ததெல்லாம் சாப்பிட்டதாகிவிடாது. விட்டுப்போன நாட்களை, வரும் பணியாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருத்திக்காக எதற்குக் குழம்பு என்று சோற்றோடு ஊறுகாயும் அப்பளமுமாக நாளை ஓட்டுவதும் தவறுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்.

குடும்பத்தோடு இருப்பவர்களிடம் சிக்கல் வேறு: கைகள் அதிகம். மருமகள் காலையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். சாப்பிட்டோமா என்ற சந்தேகத்தில் பெரியவர் பத்து மணிக்கு இன்னொன்றைப் போட்டுக்கொள்வார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால், பெயரும் காலாவதித் தேதியும் போகும்படி கத்தரித்த அட்டைத் துண்டுகள் கிடக்கும். அவற்றில் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருப்பதும் உண்டு. மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை அழுத்தத்தை ஏற்றும் என்பதும் பலருக்குத் தெரியாது.

முதியோர் இல்லங்களில் வரிசையாக அழுத்தம் பார்ப்பது நல்ல வழக்கமே. ஆனால் நின்று காத்திருந்து, பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தவரின் சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றினால், வரும் எண்ணை நம்ப முடியாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, வெறுங்கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்க்க வேண்டும்.

மூன்று இடங்களிலும் பொதுவாக விட்டுப்போவது, நின்ற நிலையில் பார்ப்பது. அது விட்டுப்போவதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், இரவில் கழிவறைக்குப் போகும்போது கண் இருண்டு விழ நேரலாம். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டு நடப்பது பெரும்பாடு. உட்காரவைத்துப் பார்த்த 150-ஐ மட்டும் கொண்டு மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்காமல், நின்றபோது வந்த எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த எவர்சில்வர் டப்பாவை அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். படுக்கையிலிருந்து எழுபவர், கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும்.