புல்லுக்குப் பதிலா பொடுதலை போடுங்க, ஆனா மொதல்ல செங்கல்

வாசல்ல கொஞ்சம் மண்ணு இருந்தாப் போதும், உடனே கொரியன் கிராஸ் பதிக்கலாமான்னு கேக்குறாங்க. காசு குடுத்து வாங்கி தண்ணி ஊத்தி மாளாது. அதுக்கு நம்ம பொடுதலை இருக்கு, வயல் வரப்பு, வாய்க்கா ஓரம், குளத்தங்கரைன்னு தரையோட தரையா படர்ந்து கெடக்கும், இத்தன நாளா மிதிச்சிட்டே போயிருப்பீங்க.

இலை அடியில குறுகி மேல அகண்டு இருக்கும், நுனிப்பக்கம் மட்டும் ரம்பப்பல்லு. பூவ குனிஞ்சுதான் பாக்கணும், ஒல்லிக் காம்பு மேல கருஞ்சிவப்பா ஒரு குட்டித் தலை, அத சுத்தி வெள்ளையும் வெளிர் ஊதாவுமா மோதிரம் போட்ட மாதிரி பூ, கீழ்வரிசை உதிர உதிர மோதிரம் மேல ஏறிட்டே போகும்.

மழை ஆரம்பிக்கிறப்ப நட்டா வேலை பாதி. ஆனா அதுக்கு முன்னாடி கோரையை ஒழிக்கணும், மேல புடுங்கினா பத்தாது, கீழ கறுப்பா கிழங்கு இருக்கும், தோண்டி எடுங்க, அப்புறம் ரெண்டு வாரம் சும்மா தண்ணி விட்டா ஒளிஞ்சிருக்கறதும் முளைச்சு வந்துடும், அதையும் எடுத்துட்டு நடுங்க. பொடுதலை நடுவுல கோரை வந்துட்டா பிரிச்சு எடுக்குறதுக்குள்ள முதுகு போயிடும்.

கொடிய தூக்கிப் பாத்தா கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். மூணு நாலு கணு இருக்குற மாதிரி வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள, மிச்சம் வெளிய, சாணுக்கு ஒண்ணுன்னு நட்டா போதும். மண் காயாம பாத்துக்கோங்க, புது இலை வந்ததும் தண்ணிய கொறச்சிடலாம். உரமெல்லாம் வேணாம், வெயில்தான் முக்கியம், நெழல்ல நட்டா கொடி நீளுமே தவிர பூக்காது.

செங்கல் விஷயத்துக்கு வர்றேன். நான் ஓரம் கட்டாம நட்டு, ஒரே மழைக்காலத்துல பக்கத்துல இருந்த சிறுகீரைப் பாத்திக்குள்ள பூந்து கீரைய அமுக்கிடுச்சு. அதனால நடுறதுக்கு முன்னாடியே சுத்தி செங்கல்ல நெட்டுக்குத்தா புதைச்சு ரெண்டு மூணு விரக்கடை வெளிய தெரியிற மாதிரி விடுங்க, அதத் தாண்டுற கொடிய மாசத்துக்கு ஒருக்கா கத்திரியால வெட்டுங்க.

பூச்சி மருந்து அடிக்காதீங்க. மயில் வசீகரன் பட்டாம்பூச்சி இதுல முட்டை வைக்கும், புழு இலைய கடிக்கத்தான் செய்யும், கடிச்சிட்டுப் போகட்டும், திரும்ப தழைச்சிடும். பூக்குற நாள்ல தேனீ நெறைய வரும், வெறுங்காலோட நடக்காதீங்க, கொழந்தைங்க இருந்தா பாத்துக்கோங்க.

வெட்டின கொடிய ஈரமான எடத்துல வீசிடாதீங்க, வெயில்ல போட்டு நல்லா சருகாக்கிட்டு கொட்டுங்க. எங்க வீட்டு கம்போஸ்ட் குழி இப்ப பொடுதலைப் பாத்திதான்.