“நேராக நில்லுங்கள்” என்றதுமே கெட்டுப்போகும் பரிசோதனை

“நேராக நில்லுங்கள்” என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். உடனே நெஞ்சை நிமிர்த்துவார், வயிற்றை எக்குவார், முழங்காலை விறைப்பார். நாம் பார்க்க நினைத்தது அவர் தினமும் நிற்கிற விதம். கிடைத்ததோ நமக்காக அவர் போட்டுக்காட்டும் வேஷம். ஆஸ்டியோபதியில், அதாவது எலும்பு, தசைச் சிக்கல்களைக் கையாலேயே கவனிக்கும் சிகிச்சை முறையில், தோரணையை (ஒருவர் உடலை வைத்து நிற்கும் விதத்தை) பரிசோதிக்கும்போது நடக்கும் முதல் தவறே இதுதான்.

அதற்குப் பதிலாக, நின்ற இடத்திலேயே ஏழெட்டு முறை காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எதிர்ச்சுவரில் கண்மட்டத்தில் ஏதாவது ஒன்றைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பாதம் எப்படி விழுந்ததோ அப்படியே இருக்கட்டும். ஒன்றிரண்டு மூச்சு விட்டதும் தோள் தானாக இறங்கும். அதற்குப் பிறகு பாருங்கள்.

பயிற்சிக் காலத்தில் ஒருவரைப் பரிசோதித்து, ‘இடது இடுப்பு தாழ்ந்திருக்கிறது’ என்று நம்பிக்கையோடு எழுதினேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அதே இடத்தில் அவரைத் திரும்பி நிற்கச் சொன்னார். இப்போது வலது இடுப்பு தாழ்ந்திருந்தது! சாய்ந்திருந்தது தரை. அன்றிலிருந்து புதிய அறைக்குள் போனால் முதல் வேலையாக ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிடுவேன்.

தரை சரியாக இருந்தாலும் நம் கண் ஏமாற்றும். இடுப்பின் பின்புறம் தெரியும் இரண்டு குழிகளை ஒட்டி இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. அவற்றின் உயரத்தை ஒப்பிடும்போது பலர் நின்றபடியே குனிந்து, மேலிருந்து பார்க்கிறார்கள். அந்த முனைகளில் வைத்த கட்டைவிரல்களின் மட்டத்துக்கு உங்கள் கண் இறங்க வேண்டும். உட்கார்ந்துதான் ஆக வேண்டும். விரலைத் தோல்மேல் வைத்தால் போதாது, எலும்பின் அடி விளிம்பில் கீழிருந்து மேலாக முட்டுக் கொடுங்கள். தோல் நகரும், எலும்பு நகராது. கைகளை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைத்துப் பாருங்கள். இரண்டாம் முறை வேறு விடை வந்தால் முதல் விடையை நம்பக் கூடாது. கையால் தொட்டுக் கணிக்கும் இந்த முறைகளில் இரண்டு பரிசோதகர்கள் ஒத்துப்போவது குறைவு என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

எலும்பை எண்ணுவதிலும் இதே கதைதான். கழுத்தடியில் துருத்திக்கொண்டிருப்பது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு என்று முடிவுகட்டிக் கீழே எண்ணத் தொடங்குவார்கள். சிலருக்கு அதற்கு அடுத்த எலும்பு அதைவிடத் துருத்திக்கொண்டிருக்கும். அங்கே ஒன்று தவறினால் இடுப்பு வரை எல்லாம் தவறும். சந்தேகம் வந்தால் பக்கத்துப் பக்கத்து முனைகளில் விரல் வைத்துத் தலையை மெல்லப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். ஆறாவது முன்னோக்கி நழுவி விரலை விட்டு மறையும், ஏழாவது பெரும்பாலும் நிற்கும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏழாவது மார்பு முள்ளெலும்பு மட்டம், இடுப்பெலும்பின் மேல்விளிம்பு நான்காவது இடுப்பு முள்ளெலும்பு மட்டம் என்பதெல்லாம் தோராயக் கணக்கு. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பக்கவாட்டில் பார்க்கத் தூக்குக்குண்டு (நூலில் தொங்கும் எடை) கட்டுகிறோம். அந்த நூல் காது, தோள்முனை, தொடையெலும்பின் பக்கத்து மேடு, முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்பு, வெளிக் கணுக்காலுக்குச் சற்று முன்பு என்று போக வேண்டும். தவறு எங்கே வருகிறது என்றால், நூலைக் காதோடு பொருத்திவிட்டு மற்றதை அளப்பதில். தலைதான் முன்னால் நீண்டிருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் உடம்பு மொத்தமும் பின்னால் போனதாகத் தெரியும். தரையில் ஊன்றியிருக்கும் பாதத்தை ஆதாரமாக வைத்து மேல்நோக்கிப் படியுங்கள்.

கால் நீள வித்தியாசம் ஒரு தனித் தலைவலி. படுக்க வைத்துக் கணுக்கால்களைச் சேர்த்துப் பார்த்து, “ஒரு கால் குட்டை” என்று சொல்வது சுலபம். படுத்திருக்கும் விதம், தசை இறுக்கம், இடுப்பின் சுழற்சி எல்லாம் அந்த அளவை மாற்றும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் வலியே இல்லாதவர்களுக்கும் சாதாரணமாக இருப்பதுதான்.

முதுகின் பக்கவளைவை நிற்க வைத்து மட்டும் பார்க்காதீர்கள். முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் விலா மேடாக எழும்பினால் முள்ளெலும்புகள் சுழன்றிருக்க வாய்ப்புண்டு. உட்கார்ந்து குனியும்போது அது மறைந்தால் காரணம் காலிலோ இடுப்பிலோ இருக்கலாம். ஆனால் இந்தப் பக்கவளைவுக்கு ஸ்கோலியோசிஸ் என்று நோய்ப்பெயர் சூட்டுவது கண்ணின் வேலையில்லை. எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் 10 பாகையாவது இருக்க வேண்டும். வளரும் வயதுப் பிள்ளையிடம் இந்த மேடு தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பத் தாமதிக்காதீர்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு பெரிய தவறு மிச்சமிருக்கிறது. கண்ட கோணலையே வலிக்குக் காரணமாக்குவது. ஆஸ்டியோபதியில் நாம் தேடுவது நான்கு: தொடும்போது திசுவில் தெரியும் மாற்றம், இருபுறமும் ஒத்திராமை, அசைவுக் குறைவு, தொட்டால் வலி. கண்ணுக்குத் தெரியும் கோணல் இதில் ஒன்றே ஒன்று. வலியே இல்லாமல் ஒரு தோள் தாழ்ந்து நடமாடுகிறவர்கள் ஏராளம், குறிப்பாக எந்தக் கையை அதிகம் பயன்படுத்துகிறார்களோ அந்தப் பக்கம். குனிய, நிமிர, திரும்ப வைத்து எந்த அசைவில் வலி வருகிறது என்று பார்க்காமல் நின்ற கோலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது வெறும் ஊகம்.

“உங்கள் இடுப்பு விலகியிருக்கிறது” என்ற ஒரு வரி வந்தவரின் மனதில் வருடக்கணக்கில் தங்கிவிடும். பிறகு குனியவே பயப்படுவார். பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்.

சிலரிடம் தோரணையைப் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு போய்விட்டது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போயிற்று, கால் பலம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், புற்றுநோய் வரலாறு, எலும்பு தேய்ந்தவர் விழுந்த பிறகு வந்த முதுகுவலி, இவற்றுக்கும் மருத்துவர்தான் முதலில்.

கடைசியாகக் குறிப்பேடு. ‘தோரணை மோசம்’ என்று எழுதினால் அடுத்த முறை எதோடு ஒப்பிடுவது? ‘வலது தோள் சற்றுத் தாழ்வு, வெறுங்கால், மாலை’ என்று எழுதுங்கள். நேரம் எதற்கு என்றால், முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டுகள் பகல் முழுக்க நீரிழப்பதால் காலையில் இருந்த உயரத்தில் மாலைக்குள் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும்.