செண்டுப்பூவிலிருந்து அச்சு மை

பூவைக் காய்ச்சி இறக்கிய சாயத்தை அப்படியே ஈய எழுத்தின் மேல் தடவினால் அச்சு விழாது. நீர் உலோகத்தில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டுகொள்ளும். காகிதத்தில் பட்ட இடத்திலோ ஊறிப் பரவும். லெட்டர்பிரஸ், அதாவது மேடான எழுத்தில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தும் அச்சு முறை. அதற்கான மை என்பது எண்ணெயில் குழைத்த நுண்தூள். ஆகவே நீரில் கரைந்திருக்கும் சாயத்தை முதலில் கரையாத தூளாக்க வேண்டும். அதற்குப் படிகாரமும் சலவை சோடாவும் போதும்.

பழகுவதற்கு ஏற்றது செண்டுப்பூ, அதாவது துலுக்கச் சாமந்தி. சங்குப்பூவின் நீலம் ஆசை காட்டும். ஆனால் புளிப்பு பட்டால் ஒரு நிறம், காரம் பட்டால் வேறு நிறம், வெயில் பட்டால் நிறமே இல்லை. ஆயுத பூஜைக்கு அச்சு இயந்திரத்துக்குச் சாத்திய செண்டுப்பூ மாலையையும் பயன்படுத்தலாம். குங்குமம், சந்தனம் பட்ட பூக்களைத் தள்ளிவிட்டு, காம்பும் பச்சைப் பகுதியும் இல்லாமல் இதழ்களை மட்டும் உதிர்த்து நிழலில் உலர்த்துங்கள்.

உலர்ந்த இதழ் 100 கிராமுக்கு 2 லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம்தான் வேண்டும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் மஞ்சள் கறுத்துப் பாசி நிறமாகிவிடும். 80 டிகிரி அளவில், தளதளவென்று கொதிக்க விடாமல், ஒரு மணி நேரம் வைத்து மல் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். 40 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, சூடான சாயத்தில் ஊற்றிக் கலக்குங்கள்.

சலவை சோடாத் தூள் 20 கிராமைத் தனியாக அரை லிட்டர் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஆப்ப சோடா வேறு, இது வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள். சாயம் பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, ஏனென்றால் சோடா விழுந்ததும் நுரை பொங்கி எழும். ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, நுரை அடங்கிய பிறகே அடுத்த கரண்டி. புதிதாக நுரை வராத கட்டத்தில் நிறுத்திவிடுங்கள். கரைத்த சோடா முழுவதும் செலவாக வேண்டியதில்லை. சோடா மிஞ்சினால் மஞ்சள் பழுப்பாகும். குறைந்தால் சாயம் தூளோடு இறங்காமல் மேல்நீரிலேயே தங்கும்.

ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். அடியில் மஞ்சள் வண்டல் படிந்திருக்கும். மேல்நீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மீண்டும் படிய விடுங்கள். இப்படி மூன்று முறையாவது கழுவ வேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கழுவாமல் விட்ட உப்பு, உலர்ந்ததும் மணலைப்போல நறநறக்கும், ஈரம் இழுக்கும். பிறகு துணியில் வடித்து, நிழலில் நன்றாக உலர்த்தி, கல்வத்தில் பொடித்து, மல் துணியில் சலியுங்கள்.

மை குழைக்க, கடையில் கிடைக்கும் சாதாரண ஆளிவிதை எண்ணெய் நீர்த்தது. எழுத்தைச் சுற்றி எண்ணெய் வளையம் கட்டும். அச்சு மைக்கென்றே விற்கும் கெட்டியான ஆளிவிதை வார்னிஷ் வாங்குங்கள். அந்த எண்ணெயை வீட்டில் காய்ச்சிக் கெட்டியாக்க முயல வேண்டாம், எளிதில் தீப்பற்றும். கண்ணாடிப் பலகையில் தூளைக் குவித்து, வார்னிஷைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, முதலில் கத்தியால் பிசைந்து, பிறகு அடிப்பாகம் தட்டையான கண்ணாடிக் குழவியால் அரைமணி நேரம் அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நெருடக் கூடாது. ரோலரை உருட்டினால் ‘சர்ர்’ என்ற மெல்லிய ஒலி கேட்க வேண்டும். சளசளவென்று ஒலித்தால் மை அதிகம். இளகிப்போனால் சிறிது மக்னீசியம் கார்பனேட் சேர்த்து இறுக்கலாம்.

இந்த மை ஒளி ஊடுருவக்கூடியது. 10 பாயின்ட் அளவுள்ள சிறிய எழுத்தில் வெளிர்மஞ்சளாக விழுந்து கண்ணுக்கே தெரியாது. ண, ஞ போன்ற எழுத்துகளின் சிறு சுழிகளில் தூளும் அடைத்துக்கொள்ளும். எங்கள் பரிந்துரை: லினோலியம் என்ற, செதுக்க எளிதான தகட்டில் செதுக்கிய பூ உருவத்தையோ 36 பாயின்ட்டுக்கு மேற்பட்ட மரஎழுத்தையோ செண்டுப்பூ மையில் அடித்து, உலர்ந்த பிறகு வாசகத்தை வழக்கமான கறுப்பில் அதன்மேல் அடியுங்கள். லினோலியத்தை எழுத்து உயரத்துக்கு, அதாவது 0.918 அங்குலத்துக்கு, பலகை ஒட்டி ஏற்ற வேண்டும். வழவழப்புப் பூச்சில்லாத வெள்ளைப் பருத்திக் காகிதமே நல்லது. மஞ்சள் போதவில்லை என்றால் மையைக் கூட்டாதீர்கள். முதல் அச்சு உலர்ந்த பின் அதே இடத்தில் இரண்டாம் முறை அடியுங்கள். ஒவ்வொரு அச்சும் உலர ஒரு வாரம்வரை ஆகும்.

ஓர் அச்சைப் பாதி மூடி ஜன்னலில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வெளிறுகிறது என்று தெரிந்துவிடும். சுவரில் மாட்டும் படத்துக்கு இந்த மை வேண்டாம். வாழ்த்து அட்டைக்கும் புத்தகத்தின் உள்பக்கத்துக்கும் ஏற்றது.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் போடுங்கள். ஈய எழுத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.