சாயமே இல்லாமல் கறுக்கும் பானை: பியூப்ளோ முறையில் செய்வது எப்படி?

கண்ணாடி போல மினுங்கும் கறுப்புப் பானை. அதன்மேல் மினுக்கமில்லாத கறுப்பிலேயே சித்திரம். இந்தப் பாணியை 1920 வாக்கில் உருவாக்கியவர்கள் மரியா மார்ட்டினஸும் அவர் கணவர் ஜூலியனும். ஊர், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள சான் இல்டெஃபான்சோ பியூப்ளோ. பியூப்ளோ என்றால் அங்குள்ள பூர்வகுடி மக்களின் ஊர். இதில் ஒரு சொட்டுக் கறுப்புச் சாயம்கூடக் கிடையாது. நெருப்புக்குள் போகும்வரை பானை சிவப்புதான்.

முதலில் மண். களிமண்ணைச் சலித்து, நுண்ணிய எரிமலைச் சாம்பலோடு பிசைவார்கள். சாம்பல் கலந்தால் காயும்போதும் சுடும்போதும் விரிசல் குறையும். எரிமலைச் சாம்பலுக்கு எங்கே போவது? பழகுவதற்குச் சலித்த பொடிமணல் போதும்.

சக்கரம் வேண்டாம். ஆழமில்லாத தட்டில் மண்ணை அப்பம் போலத் தட்டிப் பரப்புங்கள். அதுதான் அடிப்பாகம். கயிறாக உருட்டிய மண்ணை அதன் விளிம்பில் சுற்றுச் சுற்றாக ஏற்றி, விரலால் அழுத்தி இணைத்து, சுரைக்குடுக்கைத் துண்டால் உள்ளும் புறமும் வழியுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள்.

இனிதான் பொறுமை. செம்மண் குழம்பைப் பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். நடுவில் எழுந்து டீ குடிக்கப் போனால் தொலைந்தது. திட்டுத்திட்டாகிவிடும், மறுபடி பூச வேண்டியதுதான். அந்த ஊரில் இந்தக் கற்களைத் தாயிடமிருந்து மகள் வாங்கிப் பாதுகாப்பார்கள். பளபளப்பு முழுக்க இந்தக் கல் தருவது; மேலே கண்ணாடிப் பூச்சு எதுவும் இல்லை. மெருகின் மீது மெல்லிய மண் குழம்பால் வரையுங்கள். வரைந்த இடம் மட்டும் மங்கலாக நிற்கும். ஜூலியன் அடிக்கடி வரைந்தது அவன்யு என்ற கொம்புள்ள நீர்ப்பாம்பு.

சரி, சுடுவோம். திறந்தவெளியில், காற்றில்லாத நாளில். இரும்புக் கம்பித்தட்டில் பானையைக் கவிழ்த்து, தகரத்தால் மறைத்து, சுற்றிலும் விறகும் வரட்டியும் அடுக்கிக் கொளுத்துங்கள். சூடு சுமார் 700 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும். மிகவும் ஏறினால் மெருகு செத்துவிடும். இந்த நேரத்தில் தீயை நிறுத்தினால் கிடைப்பது சிவப்புப் பானை. கறுப்பு வேண்டுமென்றால், பொடித்த காய்ந்த குதிரை லத்தியைக் குவியலாகக் கொட்டித் தீயை மூச்சுத்திணற வையுங்கள். பிராணவாயு கிடைக்காமல் மண்ணிலுள்ள சிவப்பு இரும்பு ஆக்சைடு கறுத்துப்போகும். புகைக்கரியும் உள்ளே இறங்கும். எங்காவது புகை கசிந்தால் அங்கே உடனே இன்னும் கொஞ்சம் பொடி போடுங்கள்.

ஆறியபின் சாம்பலைத் துடைத்து எடுக்கலாம். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பானை உறிஞ்சிக்கொள்ளும், மெருகும் கெடும்.