முழுக் கோழி சுட எந்த எடை சரி?
கரி அடுப்பில் முழுக் கோழி சுடுவதென்றால், சுத்தம் செய்த பிறகு 1.3 முதல் 1.5 கிலோ இருக்கும் பிராய்லரே நல்லது. கடையில் தராசில் நிறுப்பது உயிர் எடை. அதில் சுமார் 70 சதவீதம்தான் கறியாகத் தேறும். அதனால் 2 கிலோ கோழியாகப் பார்த்துக் கேளுங்கள். நாலு பேருக்குப் போதும்.

கத்தியை எடுக்கும் முன்பே, "அண்ணே, தோலை உரிக்காதீங்க, துண்டும் போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். தோல் போனால் நெஞ்சுக்கறி வறண்டு சக்கையாகிவிடும்.

பெரிய கோழியிலும் இதே தொல்லைதான்: தொடைச் சந்து வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சுப்பகுதி நார்நாராகிவிடும். ஆள் கூடுதலா? 3 கிலோவில் ஒன்று வாங்காமல் சின்னதாக இரண்டு வாங்குங்கள். முற்றிய நாட்டுக்கோழி இதற்கு வேண்டவே வேண்டாம், அது குழம்புக்கு.

கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கோழியை வைத்து மூடினால் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் தொடையில் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் இறக்கலாம். பத்து நிமிடம் கழித்து வெட்டுங்கள்.